கிராஃபிக்ஸ் கார்டில் எண் குறைகிறது, மவுசில் எண் ஏறுகிறது: எதைப் பார்த்து வாங்குவது?

என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 4060 என்ற இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளின் விவரப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் யாருக்கும் குழப்பம் வரும். 2021-ல் வந்த 3060-ல் 3,584 குடா கோர்கள், அதாவது கணக்குப் போடும் சிறு அலகுகள். 2023-ல் வந்த 4060-ல் 3,072 தான். பழையதில் 12 ஜிபி நினைவகம், புதியதில் 8 ஜிபி. சிப்புக்கும் நினைவகத்துக்கும் நடுவே இருக்கும் மெமரி பஸ் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருங்கிவிட்டது. நொடிக்கு 360 ஜிபி தரவு போய்வந்த இடத்தில் இப்போது 272 ஜிபி. மின்சாரம்கூட 170 வாட்டிலிருந்து 115 வாட்டுக்கு இறங்கியிருக்கிறது. இவ்வளவு குறைந்தும், பெரும்பாலான கேம்களில் 4060 சராசரியாக 15 முதல் 20 சதவீதம் கூடுதல் ஃபிரேம் (நொடிக்கு வரையும் படங்கள்) தருகிறது.

இதன் முதல் காரணம் சிப் தயாரிக்கும் முறையில் இருக்கிறது. 3060-ன் சிப் சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் உருவானது. அடுத்த தலைமுறைக்கு என்விடியா, தைவானின் சிப் தயாரிப்பாளரான டிஎஸ்எம்சியின் 5 நானோமீட்டர் வகைக்கு மாறியது. டிரான்சிஸ்டர்கள் சிறுத்ததால் சூடு ஏறாமலேயே சிப்பை விரட்ட முடிந்தது. பூஸ்ட் கடிகார வேகம் 1,777 மெகாஹெர்ட்சிலிருந்து 2,460-க்குப் போனது. கோர் எண்ணிக்கையையும் இந்த வேகத்தையும் பெருக்கிப் பாருங்கள்: 4060-க்கு ஏறத்தாழ 19 சதவீதம் கூடுதலாக வரும். கேம்களில் தெரியும் வித்தியாசமும் கிட்டத்தட்ட அதுதான்.

சரி, பஸ் சுருங்கியதை எப்படிச் சமாளித்தார்கள்? சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ் என்ற அதிவேகச் சிறு நினைவகத்தை 3 எம்பியிலிருந்து 24 எம்பிக்கு உயர்த்திவிட்டார்கள். தெருக்குழாய் குறுகலாகப் போனாலும் வீட்டுத் தொட்டி பெரிதாக இருந்தால் அடிக்கடி குழாயடிக்கு ஓட வேண்டியதில்லை அல்லவா, அந்தக் கணக்குதான். இந்த வழியில் முதலில் பெரிதாக இறங்கியது என்விடியாவின் போட்டியாளரான ஏஎம்டி. 2020 நவம்பரில் வந்த ஆர்எக்ஸ் 6800 எக்ஸ்டியில் 128 எம்பி 'இன்ஃபினிட்டி கேஷ்' வைத்து, நொடிக்கு 512 ஜிபி மட்டுமே கடத்தும் நினைவகத்தோடு, 760 ஜிபி கடத்தும் ஆர்டிஎக்ஸ் 3080-க்கு ஈடு கொடுத்தார்கள். ஆகவே பஸ் அகலத்தை மட்டும் பார்த்து ஒரு கார்டை ஒதுக்குவது சரியில்லை.

ஆனால் கேஷால் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. கேமின் டெக்ஸ்சர்கள் (சுவர், தரை போன்றவற்றின் மேல் போர்த்தும் படங்கள்) 8 ஜிபிக்குள் அடங்காவிட்டால் மீதி கணினியின் ரேமுக்குப் போயாக வேண்டும். அங்கிருந்து கார்டுக்கு வரும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை, கார்டின் சொந்த நினைவகத்தோடு ஒப்பிட்டால் நத்தை வேகம். அதிலும் 4060 அந்தப் பாதையின் எட்டு லேன்களை (தடங்களை) மட்டுமே பயன்படுத்துகிறது. அப்போது சராசரி ஃபிரேம் எண்ணிக்கை நன்றாகத் தெரிந்தாலும் திடீர் திடீரென்று படம் திக்கும். சில கேம்கள் திக்காமல் சமாளிக்க, சுவரும் தரையும் மங்கலான டெக்ஸ்சரோடு நிற்கும்படி விட்டுவிடும். இந்த இடத்தில் வயதான 3060 தன் 12 ஜிபியை வைத்துக்கொண்டு நிம்மதியாக ஓடும். ஆக, இந்த இரண்டு கார்டுகளில் எது மேல் என்பதற்கு, டெக்ஸ்சர் அளவை எங்கே வைத்து விளையாடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டு பதில்கள் இருக்கின்றன.

மேலே சொன்ன பெருக்கல் கணக்கை எல்லாத் தலைமுறைக்கும் நீட்டிவிடக் கூடாது. 3060 அடங்கிய 30 வரிசைக்கும் 4060 அடங்கிய 40 வரிசைக்கும் கோர்களின் அடிப்படை அமைப்பு ஒத்திருப்பதால்தான் அது பலித்தது. 20 வரிசையிலிருந்து 30-க்கு வரும்போது எண்ணும் முறையே மாறியிருந்தது. 2018-ன் 2080 டிஐயில் 4,352 கோர்கள், 2020-ன் 3070-ல் 5,888. எண்ணிக்கையில் 35 சதவீதம் அதிகம், ஆனால் கேம்களில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகம். 20 வரிசையின் டியூரிங் வடிவமைப்பில் தசம எண் கணக்குக்கு ஒரு பாதை, முழு எண் கணக்குக்குத் தனிப் பாதை என்று இருந்தது. 30 வரிசையின் ஆம்பியரில் அந்த இரண்டாவது பாதையும் தசம எண் கணக்கைச் செய்யக் கற்றுக்கொண்டது, உடனே அதையும் கோர் என்று எண்ணத் தொடங்கினார்கள். முழு எண் வேலை வரும்போது அந்தப் பாதை பழையபடி அதற்குத்தான் போகும். எனவே காகிதத்தில் இரட்டித்தது திரையில் இரட்டிக்கவில்லை. இதற்கு நேர்மாறாக, 2017-ன் ஜிடிஎக்ஸ் 1080 டிஐயிலும் 3060-லும் கோர்கள் அச்சாக ஒரே எண்ணிக்கை, 3,584. ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிட்டு நிழலும் பிரதிபலிப்பும் வரையும் முறை) இல்லாத கேம்களில் இரண்டும் அருகருகேதான் நிற்கும், பல இடங்களில் பழையது கொஞ்சம் முந்தவும் செய்யும். நான்கு வருட முன்னேற்றம் முக்கியமாக மின்சாரத்தில் தெரிகிறது: 250 வாட்டில் நடந்த வேலை 170 வாட்டில் நடக்கிறது.

பெயர்களின் கதை தனி. முதல் இரண்டு இலக்கம் தலைமுறை, கடைசி இரண்டு அந்தஸ்து என்பது எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம். ஆனால் அந்த அந்தஸ்து நிலையானதல்ல. '60' என்று எழுதினால் இன்ன அளவு சிப் என்று எந்தச் சட்டமும் கிடையாது. 2022 செப்டம்பரில் என்விடியா 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகளை அறிவித்தது. 16 ஜிபி கார்டில் 9,728 கோர்கள், 12 ஜிபி கார்டில் 7,680. நினைவகம் மட்டும்தான் வேறு என்று நினைக்கவைக்கும் பெயர், உள்ளே இருந்ததோ வேறு சிப். எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே 12 ஜிபி கார்டைத் திரும்பப் பெற்றார்கள். 2023 ஜனவரியில் அது 4070 டிஐ என்ற பெயரில் கடைக்கு வந்தது. இது முதல் முறையும் அல்ல. ஜிடிஎக்ஸ் 1060-ன் 3 ஜிபி வகையில் கோர்களும் குறைவு: 1,280-க்குப் பதில் 1,152. ஜிடி 1030-க்கு நடந்தது இதைவிட மோசம். ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்த கார்டு, பிறகு அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடும் விற்கப்பட்டது. தரவு வேகம் நொடிக்கு 48 ஜிபியிலிருந்து சுமார் 17 ஜிபி. என் கணக்கில் அது வேறு கார்டு.

மடிக்கணினியில் இந்தக் குழப்பம் இன்னும் ஆழம். மேசைக் கணினியின் 4090-ல் 24 ஜிபியும் 16,384 கோர்களும் இருக்க, மடிக்கணினியின் 4090-ல் 16 ஜிபியும் 9,728 கோர்களும்தான். உண்மையில் அது 4080 வரிசைக்கான சிப். போதாததற்கு, ஒரே பெயருள்ள மடிக்கணினி கார்டுகளுக்கே எத்தனை வாட் கொடுப்பது என்பதைக் கணினி தயாரிப்பாளர்தான் தீர்மானிக்கிறார். மெல்லிய உடம்பு வேண்டும் என்று வாட்டைப் பாதியாகக் குறைத்தால் வேகமும் இறங்கும். அங்கே கார்டின் பெயரைவிட முதலில் கேட்க வேண்டியது வாட் எண்ணிக்கை.

ஃபிரேம் எண்ணிக்கையில் தெரியாத வேறுபாடும் தலைமுறைகளுக்குள் உண்டு. 2018-க்கு முந்தைய கார்டுகளில் ரே டிரேசிங்குக்கான வன்பொருள் கிடையாது. வெகுகாலம் அது விரும்பினால் போட்டுக்கொள்ளும் அலங்காரமாகத்தான் இருந்தது. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்', 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' இரண்டும் அந்த வன்பொருளைக் குறைந்தபட்சத் தேவையாகவே கேட்கின்றன. 1080 டிஐ எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் படப் பெருக்கம் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை முதல் எல்லாவற்றிலும் கிடைக்கும், நடுவே ஊகித்த ஃபிரேமைச் சேர்க்கும் ஃபிரேம் ஜெனரேஷன் 40 முதல், ஒன்றுக்குப் பின் பல ஃபிரேம்களைச் சேர்க்கும் மல்டி ஃபிரேம் ஜெனரேஷன் 50-ல். ஏஎம்டி பக்கம் அதே போன்ற படப் பெருக்கமான எஃப்எஸ்ஆர் 4, ஆர்எக்ஸ் 9000 வரிசையோடு 2025-ல் வந்தது. பழைய கார்டு வாங்குகிறவர்கள் வேகத்தோடு இந்தக் கதவுகளில் எவை திறக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2025 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 5070-ஐ அறிமுகப்படுத்தியபோது, 4090-ன் செயல்திறன் இதில் கிடைக்கும் என்றது என்விடியா. 6,144 கோர்களை வைத்துக்கொண்டு 16,384-ஐப் பிடிப்பதாவது! 5070 பக்கம் மல்டி ஃபிரேம் ஜெனரேஷன் போட்டு எண்ணினால்தான் அந்தக் கணக்கு நிற்கும். இந்த நுட்பம், கேம் உண்மையாகக் கணக்கிட்டு வரைந்த இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே ஊகித்த ஃபிரேம்களைச் செருகுகிறது. நடுவில் செருக வேண்டுமானால் அடுத்த உண்மை ஃபிரேம் தயாராகும்வரை முந்தையதைக் காட்டியபடி காத்திருக்க வேண்டும். அதனால் திரையில் அசைவு வழவழப்பாகும், கைக்குத் தெரியும் தாமதமோ கொஞ்சம் கூடும். உண்மையில் 30 ஃபிரேம் ஓடும் கேமை 120 ஆகக் காட்டினால் கண்ணுக்கு 120, மவுஸைத் திருப்புகிற கைக்கு 30 அல்லது அதைவிட மந்தம். அடிப்படை வேகம் 60-க்கு மேல் இருக்கும்போது, கதை சொல்லும் கேம்களில், எனக்கு இது பிடித்த வசதிதான். ஆனால் இரண்டு கார்டுகளை ஒப்பிடும் அட்டவணையில் இந்த ஃபிரேம்களைச் சேர்த்து எண்ணக் கூடாது.

ஒப்பிடுவதானால் எப்படித்தான் ஒப்பிடுவது? உங்கள் திரையின் ரெசல்யூஷனில், நீங்கள் விளையாடும் வகை கேமில், ஃபிரேம் ஜெனரேஷன் இல்லாமல், அதே அமைப்புகளில் யாராவது அளந்திருக்கும் எண்ணைப் பாருங்கள். சராசரியோடு '1 சதவீத லோ' என்ற எண்ணையும் பாருங்கள். மிக மெதுவாக வந்த ஃபிரேம்கள் எவ்வளவு மெதுவாக வந்தன என்பதை அது சொல்லும், திக்கல் அதில்தான் வெளிப்படும். 1080பி எண்ணைப் பார்த்து 4கே திரைக்கு வாங்கக் கூடாது. 4060 டிஐக்கும் முந்தைய 3060 டிஐக்கும் 1080பியில் 10 சதவீதம் அளவுக்கு இடைவெளி இருந்தால், 4கேயில் கேஷ் போதாமல் அதுவும் கரைந்துவிடும். அப்புறம், இருக்கும் கணினியிலேயே ஒரு சோதனை: கேமின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை ஏறவே இல்லையென்றால் தடை பிராசசரில் இருக்கிறது, புதுக் கார்டு வந்தாலும் அது அங்கேயே முட்டி நிற்கும். பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்கள் லேன் எண்ணிக்கையையும் கவனிக்க வேண்டும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே லேன்களில் ஓடுவதால், பிசிஐ எக்ஸ்பிரஸின் பழைய 3.0 பதிப்புள்ள போர்டில் போட்டவுடன் கண்கூடாக மெதுவாகிவிட்டது.

கார்டு எவ்வளவு வேகமாகப் படம் வரைந்தாலும் எதை வரைய வேண்டும் என்ற தகவல் கையிலிருந்துதான் வர வேண்டும். 60 ஃபிரேமில் ஒரு படத்துக்கு 16.7 மில்லி நொடி, 144-ல் 6.9, 240-ல் 4.2. மவுஸ் இந்தக் கணக்கில் எவ்வளவு சேர்க்கிறது? பழைய சாதாரண மவுஸ் நொடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லி நொடிக்கு ஒருமுறை, தன் நிலையைக் கணினிக்குச் சொல்லும். சராசரியாக 4 மில்லி நொடி வீண். கேமிங் மவுஸ் 1,000 ஹெர்ட்ஸில் சொல்லும்போது அந்தச் சராசரி அரை மில்லி நொடிக்கு வந்துவிடும். இந்த மாற்றம் உண்மையான மாற்றம், கையில் தெரியும். இப்போது விளம்பரங்களில் வரும் 8,000 ஹெர்ட்ஸ் மிச்சப்படுத்துவது அந்த அரை மில்லி நொடியிலும் ஒரு பகுதியைத்தான்.

அந்த 8,000-ஐ நிரப்பத் தரவும் வேண்டுமே. 800 டிபிஐ என்றால் ஓர் அங்குலம் நகர்த்தினால் மவுஸ் 800 எண்ணிக்கை அனுப்பும். குறியைச் சரிசெய்ய நொடிக்கு ஓர் அங்குல வேகத்தில் மெல்ல நகர்த்தினால் நொடிக்கு 800 தகவல்தான் இருக்கிறது. 1,000 ஹெர்ட்ஸே முழுதாக நிரம்பாத இடத்தில் 8,000 எதற்கு? வேகமாக வீசும்போதுதான் பயன், அதுவும் மிக வேகமான திரை இருந்தால். பிராசசருக்கு வேலை கூடுவதும், வயர்லெஸ் மவுஸின் பேட்டரி சீக்கிரம் கரைவதும் நிச்சயம்.

டிபிஐ போட்டி இதைவிட வேடிக்கை. 30,000 டிபிஐயையும் தாண்டி இப்போது சென்சார்கள் வந்துவிட்டன. 1920 பிக்சல் அகலத் திரையில் 30,000-ல் வைத்தால், சுட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக மவுஸை 1.6 மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும். பெருமூச்சு விட்டாலே போய்விடும். சுடும் கேம்களைத் தொழில்முறையாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் 400, 800, 1,600-லேயே நிற்கிறார்கள். சுட்டியின் உணர்திறனைத் தீர்மானிப்பது டிபிஐயும் கேமுக்குள் இருக்கும் சென்சிட்டிவிட்டியும் சேர்ந்த பெருக்குத்தொகை. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-ல் சென்சிட்டிவிட்டி 1 என்றால் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் பார்வை 0.022 டிகிரி திரும்பும். 800 டிபிஐயில் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற மவுஸ் 52 சென்டிமீட்டர் போக வேண்டும். 400 டிபிஐ, சென்சிட்டிவிட்டி 2 என்று வைத்தாலும் அதே 52. மவுஸ் மாற்றும்போது இந்தத் தூரத்தை அளந்து வைத்துக்கொண்டால் பழகிய கை பழகியபடியே இருக்கும்.

சென்சாரின் தரத்தைப் பற்றி இன்று பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. பல நிறுவனங்களின் மவுஸ்களுக்குள்ளும் இருப்பது பிக்ஸ்ஆர்ட் என்ற ஒரே நிறுவனத்தின் சென்சார்கள். அதன் பிஏடபிள்யூ3395 நொடிக்கு 650 அங்குலம், அதாவது 16 மீட்டருக்கும் மேலான வேகம் வரை தடம் தவறாது. எந்தக் கையும் மேசை மேல் அந்த வேகத்தில் ஓடாது. கவனிக்க வேண்டியவை வேறு: மவுஸைத் தூக்கி இடம் மாற்றும்போது சென்சார் எவ்வளவு உயரத்தில் படிப்பதை நிறுத்துகிறது, கோணலாக இழுத்த கோட்டை நேராக்கும் 'ஆங்கிள் ஸ்னாப்பிங்'கை அணைக்க முடிகிறதா என்பன போன்றவை.

உண்மையில் முடிவு செய்ய வேண்டியது வடிவத்தை. இதற்கு மட்டும் பெட்டியில் எண் போட முடியாது, அதனால்தான் விளம்பரம் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை கையை அளந்து பாருங்கள். 17 சென்டிமீட்டருக்குக் கீழே சிறிய கை, 19-க்கு மேல் பெரிய கை என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். உள்ளங்கை முழுவதும் மவுஸ் மேல் படிந்திருக்கப் பிடிப்பவர்களுக்கு நீளமான, முதுகு உயர்ந்த வடிவம் வேண்டும். விரல்களை நண்டுக்கால் போல் மடக்கிப் பிடிப்பவர்களுக்குப் பின்பக்கம் மேடு இருந்தால் உள்ளங்கை அங்கே ஊன்றிக்கொள்ளும். விரல் நுனியால் மட்டும் பிடிப்பவர்களுக்குக் குட்டையான, தட்டையான மவுஸ் போதும், பின்பக்கம் உயர்ந்திருந்தால் உள்ளங்கையில் இடிக்கும். எப்படிப் பிடிக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தால் தெரியாது. பதற்றமான ஆட்டத்தின் நடுவே ஒரு கணம் கையைப் பாருங்கள், அதுதான் உங்கள் பிடி. இடக்கைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் மவுஸ்கள் பலவற்றில்கூடப் பக்கவாட்டுப் பொத்தான்கள் இடப்புறம் மட்டுமே இருக்கும். அது வலக்கைக் கட்டைவிரலுக்கான இடம்.

எடை விஷயத்தில் போட்டி நல்லதைச் செய்திருக்கிறது. ஒரு காலத்தில் 100 கிராமுக்கு மேல் இருந்தால்தான் தரமானது என்ற எண்ணம் இருந்தது. 2020-ல் லாஜிடெக் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் பேட்டரியோடு சேர்த்தே 63 கிராமுக்குள் வந்தது, 2022-ன் ரேசர் வைப்பர் வி2 ப்ரோ 58 கிராம். 60-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசத்துக்காக மெனக்கெட வேண்டாம். நூற்றுக்கும் அறுபதுக்கும் உள்ள வித்தியாசம், நீண்ட ஆட்டத்தில் மணிக்கட்டுக்கே தெரிந்துவிடும். பெருங்கூட்டமாக இணையத்தில் ஆடும் எம்எம்ஓ கேம்களுக்கான, பன்னிரண்டு பக்கப் பொத்தான் வைத்த மவுஸ் வேண்டுவோருக்கு மட்டும் இந்தப் பேச்சு பொருந்தாது, அவர்களுக்கு எடை இரண்டாம்பட்சம்.

நாளாக ஆக மவுஸில் முதலில் கெடுவது பெரும்பாலும் கிளிக் ஸ்விட்ச். ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிவாகும் கோளாறு, உள்ளே இருக்கும் உலோகத் தகடுகள் தேய்ந்தோ அழுக்கேறியோ போவதால் வருவது. உலோகம் தொடும்போது ஏற்படும் சிறு அதிர்வை இரண்டாவது கிளிக் என்று எண்ணாமல் இருக்க மவுஸுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் சில மில்லி நொடி பொறுத்திருக்கும். ஒளிக்கற்றையை மறித்து வேலை செய்யும் ஆப்டிகல் ஸ்விட்சில் இந்தக் காத்திருப்பும் தேவையில்லை, அந்தக் கோளாறும் வராது. கிளிக்கின் உணர்வு சிலருக்குப் பிடிப்பதில்லை என்பதே அதன் மேல் உள்ள புகார். பல வருடம் ஓட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஆப்டிகலையே சொல்வேன்.

வயர்லெஸ்ஸில் தாமதம் என்ற பழைய பயத்தை 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு (யுஎஸ்பியில் செருகும் சிறு ரிசீவர்) வரும் கேமிங் மவுஸ்களுக்குக் கைவிட்டுவிடலாம், புளூடூத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். டாங்கிளைக் கணினியின் பின்புறம், யுஎஸ்பி 3.0 துளைகளின் நெருக்கத்தில் செருகாதீர்கள். அந்தத் துளைகளில் ஓடும் தரவே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். கூடவே வரும் நீட்டிப்பு வயரைப் போட்டு டாங்கிளை மேசைக்குக் கொண்டுவந்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். பிறகு விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயின்ட்டர் பிரிசிஷன்' என்ற ஆக்சிலரேஷன் அமைப்பை அணைத்துவிட்டு, டிஸ்பிளே அமைப்பில் திரையின் ஹெர்ட்ஸ் எவ்வளவு என்றும் ஒருமுறை பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் திரையை வாங்கிவிட்டு 60-லேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குப் புதுக் கார்டும் தேவையில்லை, புது மவுஸும் தேவையில்லை.